நாற்பதைக் கடந்தோரும் தூசு உறிஞ்சியும்



தில்லியில் உள்ள எங்கள் கிளையில் நண்பகல் உணவு இடைவேளை அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத்தில் பேசப்படும் பொருளை வைத்தே அங்கு அமர்ந்திருப்போரின் வயதைக் கணித்துவிடலாம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியில் சேர்ந்த புதிதில், பேச்செல்லாம் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் புதிய கைப்பேசியைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியுமே இருந்தது. அண்மையில் ஒரு நாள், கடன் பிரிவைக் கவனிக்கும் மேலாளர் உணவு டப்பாவை மூடி வைத்துவிட்டு, கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அவர் வீட்டுக்குப் புதிதாக வந்த வாக்குவம் கிளீனர் ஒரு மெத்தையின் மேல் இருமுறை ஓடியிருந்தது. அதன் குடுவையில் சாம்பல் நிறத்தில் இரண்டு கைப்பிடித் தூசு சேர்ந்திருந்தது. நாற்பதைக் கடந்த ஐந்து பேர் சப்பாத்தியை மறந்து அந்தத் தூசையே பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை வாட், பை உள்ளதா இல்லாததா, சோபாவின் இடுக்கில் நுழையுமா, சத்தம் எப்படி என்று கேள்விகள் எழுந்தவண்ணம் இருந்தன.

பயிற்சி அலுவலராக வந்திருக்கும் இருபத்து நான்கு வயது இளைஞர் வியப்புடன் கேட்டார்: “சார், குப்பையைப் பார்த்தா இவ்வளவு சந்தோஷம்?”

நாங்கள் சிரித்து மழுப்பினோம். ஆயினும் அந்தக் கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. இளமையில் ஏறெடுத்தும் பாராத ஒரு வீட்டுச் சாதனம், வயது ஏற ஏற ஏன் இத்தனை ஆர்வத்தைத் தூண்டுகிறது? அந்த ஆர்வம் நல்லதுதானா? அதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்? இவற்றுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து விடை காண முயல்கிறோம்.

உறிஞ்சும் ஆற்றலோடு பழைய உறவு

உறிஞ்சும் காற்றோடு வங்கி அலுவலர்களுக்கு வேறு வகையில் ஒரு பழக்கம் உண்டு. பணப் பிரிவில், இடுப்பளவு உயரத்தில் நின்றபடி நோட்டுக் கட்டுகளை எண்ணும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரிக்காமலே ஒவ்வொரு நோட்டின் மூலையையும் காற்றால் இழுத்துப் புரட்டி எண்ணும் இயந்திரம் அது. உள்ளே இருக்கும் பம்பின் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே எங்கள் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. நூறு நோட்டுகளைச் சில நொடிகளில் எண்ணி முடிக்கும் அந்தக் காற்று, வீட்டிலும் நமக்காக உழைக்கக்கூடும் என்பதை உணர எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

பரணில் உறங்கிய முதல் கருவி

உண்மையில் இது எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது கருவி. முதலாவது வந்தபோது நாங்கள் நாகபுரிக் கிளையில் இருந்தோம். திருமணமான புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்துப்பட்டி அணிந்த விற்பனையாளர் ஒருவர் பெரிய பெட்டியுடன் வந்தார். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. கருவியின் வாயில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி எங்கள் தலையணைமேல் ஓட்டினார். துணியில் வெள்ளையாகப் படிந்ததைக் காட்டி, “இதைத்தான் இரவெல்லாம் சுவாசிக்கிறீர்கள்” என்றார். நாங்கள் வெட்கிப்போனோம். அந்த வெட்கத்திலேயே பன்னிரண்டு மாதத் தவணைக்குக் கையெழுத்திட்டோம். வட்டியும் சேர்ந்து நாங்கள் செலுத்திய மொத்தத் தொகை 8,400 ரூபாய்.

அந்தக் கருவியை ஏழு முறை பயன்படுத்தியிருப்போம். எடை மிகுதி. குழாய்களைப் பொருத்தவே பத்து நிமிடம் பிடிக்கும். மின்வடமோ பக்கத்து அறையை எட்டாது. அந்தப் பத்து நிமிடத்தில் துடைப்பத்தால் வீடு முழுவதையும் பெருக்கி முடித்துவிடலாம். குனிந்து நிமிர்வது அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. சில மாதங்களில் கருவி பரணுக்குச் சென்றது. போபாலுக்கு மாற்றலானபோது லாரியில் ஏறி, அங்கும் பரணில் அமர்ந்தது. தில்லி மாற்றல் ஆணை வந்தபோது, பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் 150 ரூபாய் கொடுத்து எடுத்துச் சென்றார்.

கணக்குப் பார்ப்பது எங்கள் தொழிலாதலால் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு முறை பயன்படுத்த 1,200 ரூபாய் ஆகியிருந்தது. கருவியில் குறை இருந்ததாகச் சொல்ல மாட்டோம். எங்கள் தேவையால் அன்றி, எங்கள் வெட்கத்தால் வாங்கப்பட்ட பொருள் அது. வெட்கம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. தவணை ஓராண்டு நீடித்தது.

உடல் கற்றுக்கொடுத்த பாடம்

தில்லிக்கு வந்து மூன்றாம் ஆண்டில் நிலைமை மாறியது. கோடையில் மேற்கேயிருந்து வீசும் புழுதிக்காற்றை இங்குள்ளோர் ‘ஆந்தி’ என்பர். அது ஓய்ந்த மாலையில் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். கட்டடப் பணிகளின் புழுதி ஆண்டு முழுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்று அசைவற்றுப் போகும்போது புகையும் தூசும் நகரின்மேல் கவிந்து நிற்கும். காலையில் துடைத்த அலமாரி மாலையில் மீண்டும் மங்கிவிடும்.

அந்த ஆண்டில்தான் எங்கள் இல்லத்தரசியாருக்கு இடுப்பு வலி கண்டது. முதுகெலும்பு வட்டு சற்று விலகியிருப்பதாகவும், குனிந்து செய்யும் வேலையைக் குறைக்க வேண்டுமென்றும் மருத்துவர் கூறினார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் காலைதோறும் தும்மல். எங்களுக்கோ கட்டிலுக்கு அடியில் விழுந்த பேனாவை எடுப்பதே ஒரு முடிவெடுத்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது.

இளமையில் நாம் பொருள்களை வாங்குவது பெரும்பாலும் பிறர் காண்பதற்காக. வாகனம், கைக்கடிகாரம், கைப்பேசி எல்லாம் வெளியே எடுத்துச் செல்லப்படுபவை. நடுவயதில் நம் ஆசை மெல்ல வீட்டுக்குள் திரும்புகிறது. முழங்காலைக் காப்பது எது, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தை மீட்டுத் தருவது எது, இரவில் நன்றாக உறங்கச் செய்வது எது என்று மனம் தேடத் தொடங்குகிறது. மேலும், அலுவலகத்தில் நாம் செய்யும் வேலையின் பயனை உடனே காண இயலாது. இன்று ஒப்பளித்த கடன் நல்ல கடன்தானா என்பது ஐந்தாண்டுகள் கழித்துத்தான் தெரியும். பிள்ளை வளர்ப்பில் இன்னும் தாமதம். தூசு உறிஞ்சியோ பத்து நிமிடத்தில் குடுவையைத் திறந்து, ‘இதோ, இவ்வளவு வேலை நடந்திருக்கிறது’ என்று காட்டிவிடுகிறது. அந்தக் காணொளியை நாங்கள் கண்கொட்டாமல் பார்த்ததன் காரணம் இதுதான் என்று எண்ணுகிறோம்.

குதிரை வண்டியிலிருந்து கைக்கருவி வரை

இந்தச் சாதனத்தின் வரலாறும் நம் வயதினருக்கு ஊக்கம் தருவதே. இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், தூசை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தைக் கண்டார். ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உணவகத்து நாற்காலியின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடியில் தூசு அப்பியிருந்தது. 1901-இல் அவர் அமைத்த இயந்திரம் குதிரை வண்டியில்தான் பயணம் செய்தது. வண்டியைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் செலுத்துவர். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அந்த இயந்திரமே.

அதை ஒருவர் கையால் தள்ளும் அளவுக்குச் சிறிதாக்கியவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கேன்டன் நகரக் கடையொன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா இருந்தது. கம்பளத்தைப் பெருக்கும்போது எழும் தூசு அவரை வாட்டியது. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் தாமே ஒரு கருவியை உருவாக்கினார். 1908-இல் காப்புரிமையும் பெற்றார். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த உரிமையை வாங்கித் தொழிலாக வளர்த்தவர் வில்லியம் ஹூவர். ஆங்கில நாட்டில் இன்றும் வீடு சுத்தம் செய்வதை அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

பை இல்லாமல், சுழற்காற்றால் தூசைப் பிரிக்கும் முறையை வீட்டுக் கருவியில் நிலைநாட்டிய ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தவர். அந்த ஆண்டுகளில் ஓவிய ஆசிரியையான அவர் மனைவியின் ஊதியமும் கடனுமே குடும்பத்தைத் தாங்கின. 1993-இல் அவருடைய சொந்தப் பெயரில் முதல் கருவி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. தானே ஊர்ந்து செல்லும் ‘ரூம்பா’ என்னும் கருவி 2002-இல் வந்தது.

நம் நாட்டில் இச்சாதனத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து பரவலாக்கியது, 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம். வீடு வீடாகச் சென்று செயல்விளக்கம் தந்து விற்கும் முறை அதன்வழியே நகரங்களில் வேரூன்றியது.

ஆயினும் இந்திய இல்லங்களில் துடைப்பமே இன்றும் ஆட்சி செய்கிறது. அதற்குத் தக்க காரணம் உண்டு. நம் தரைகள் கல்லும் ஓடுமாக இருப்பவை, கம்பளம் அரிது. மேகாலயா, அசாம் மலைச்சரிவுகளில் விளையும் புல்லிலிருந்து பூந்துடைப்பம் கிடைக்கிறது. ஜோத்பூர் அருகே, நாட்டார் வழக்காற்று அறிஞர் கோமல் கோத்தாரி நிறுவிய அர்ணா ஜர்ணா அருங்காட்சியகத்தில் துடைப்பங்களுக்கென்றே ஒரு தொகுப்பு உள்ளது. வடநாட்டில் தீபாவளிக்கு முந்தைய தன்தேரஸ் நாளில் புதுத் துடைப்பம் வாங்குவது திருமகளை வரவேற்பதாகும்.

ஆகவே, தரையைப் பெருக்குவதற்கென்று மட்டும் தூசு உறிஞ்சியை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். மெத்தை, சோபா, திரைச்சீலை, கொசுவலைச் சன்னல், புத்தக அலமாரி, மின்விசிறியின் இறக்கை, கட்டிலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில்தான் அதன் அருமை தெரியும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இரண்டாம் முறை வாங்கப் புறப்பட்டபோது, கடன் விண்ணப்பத்தை ஆராய்வதுபோல் ஆராய்ந்தோம். அறிந்தவற்றுள் சிலவற்றை இங்குப் பகிர்கிறோம்.

முதலாவது, வாட் என்பது கருவி உண்ணும் மின்சாரத்தின் அளவு. உறிஞ்சும் வலிமையின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டுக் கருவிகளுக்கு 900 வாட்டை உச்ச வரம்பாக விதித்தது. அங்குள்ள கம்பளங்களுக்கே அது போதுமெனில், 2,000 வாட் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. உறிஞ்சும் வலிமை பாஸ்கல் என்னும் அலகில் குறிக்கப்பட்டிருக்கும்; அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, வடிகட்டி. உறிஞ்சிய காற்று பின்பக்கமாக வெளியேறியே தீரும். வடிகட்டி தரமற்றதாயின், பெரிய தூசை எடுத்துக்கொண்டு நுண்ணிய தூசை அறைக்குள்ளேயே பரப்பிவிடும். ‘ஹெப்பா’ வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவல்லது. 1940-களில் அமெரிக்க அணுத் திட்டத்தின்போது, கதிரியக்கத் துகள்களைத் தடுக்க உருவாக்கப்பட்ட நுட்பம் இது. ‘ஹெப்பா போன்றது’ என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா அன்று. மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுச் செள்ளுகள், நம் உடலிலிருந்து உதிரும் தோலைத் தின்று வாழ்பவை. அவற்றின் கழிவே பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுகிறது. மெத்தையைச் சுத்தம் செய்வது இதற்குத் துணைபுரியும். எனினும் தும்மலும் மூச்சுத்திணறலும் தொடர்ந்தால் மருத்துவரைக் காண்பதே முறை.

மூன்றாவது, மின்வடம் உள்ளதா, பேட்டரியா? பேட்டரிக் கருவி இலகுவானது, எடுத்தவுடன் ஓடும். ஆனால் பெட்டியில் குறிப்பிடும் நேரம் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்துக்கு உரியது. முழு வேகத்தில் வைத்தால் அதில் சிறு பகுதியே கிட்டும். பேட்டரி தேய்ந்தபின் புதியதன் விலை என்ன என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

நான்காவது, எடை. கடையில் கருவியைக் கையில் எடுத்து, ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். இடுப்பு வலிக்காக வாங்கும் கருவி தோள் வலியைத் தரலாகாது. ஐந்தாவது, பழுது நீக்கும் மையம் உங்கள் ஊரில் உள்ளதா என்பது. மாற்றலுக்கு உட்பட்ட பணியில் இருப்போர், அடுத்த ஊரிலும் அது இருக்குமா என்று கேட்பது நலம்.

நாங்கள் தெரிவு செய்தது 1,200 வாட் திறனுள்ள, மின்வடம் கொண்ட, ஈரத்தையும் உறிஞ்சும் எளிய கருவி. விலை 13,500 ரூபாய். வாரம் இருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து யூனிட் மின்சாரம் செலவாகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 40 ரூபாய். ஆண்டுக்கு 900 ரூபாய் வடிகட்டிக்கு. ஐந்தாண்டு உழைத்தால் எல்லாம் சேர்த்து 20,400 ரூபாய்; 520 முறை பயன்பாடு; ஒரு முறைக்கு 39 ரூபாய். நாகபுரியின் 1,200 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்து மனம் ஆறினோம்.

விலையும் வட்டியும்

பண்டிகைக் காலத்தில் ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரங்களைக் காணாத நாளில்லை. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று வணிகத்தில் இல்லை. யாரோ ஒருவர் அதைச் செலுத்துகிறார். வட்டியைச் செயலாக்கக் கட்டணமாக உருமாற்றி வாடிக்கையாளரிடம் பெறும் வழக்கத்தை, இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டி வங்கிகளை எச்சரித்தது. சில இடங்களில் ரொக்கம் தருவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, தவணைக்காரருக்குக் கிடைப்பதில்லை, அதுவே வட்டி. கடன் அட்டைத் தவணையில் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஜி.எஸ்.டி. அறிமுகமான 2017-இல் 28 சதவீதமாக இருந்த வாக்குவம் கிளீனர் மீதான வரி, 2018 ஜூலையில் 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த நன்மையைத் தவணை வட்டியில் இழந்துவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. கருவியின் விலை 24,000 ரூபாய் எனக் கொள்வோம். ‘ஆண்டுக்கு 12 சதவீதம்தான்’ என்று நிலையான வீதத்தில் கணக்கிட்டால் வட்டி 2,880 ரூபாய். மாதத் தவணை 2,240 ரூபாய். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழு அசலுக்கும் கணக்கிடப்பட்டுள்ளது. குறையும் நிலுவையின் அடிப்படையில் பார்த்தால் உண்மையான வீதம் ஏறத்தாழ 21.5 சதவீதம். இதே தொகையை மாதம் 2,000 வீதம் 6.5 சதவீதத் தொடர் வைப்பில் சேமித்திருந்தால், ஆண்டு முடிவில் 24,000 ரூபாயோடு ஏறத்தாழ 850 ரூபாய் வட்டியும் கையில் இருக்கும். ஓராண்டு பொறுத்தவருக்கும் பொறுக்காதவருக்கும் இடையே 3,700 ரூபாய்க்கு மேல் வேறுபாடு.

கடன் பெறுவதே தவறென்று ஒரு வங்கி அலுவலர் கூற இயலாது. இடுப்பு வலியோடு ஓராண்டு காத்திருக்குமாறு எவருக்கும் அறிவுரை கூறவும் மாட்டோம். உண்மையான விலையை அறிந்து வாங்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். 2024 அக்டோபர் முதல், தனிநபர் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். அதில் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வீதம் ஒரே எண்ணாகக் காட்டப்பட்டிருக்கும். கையெழுத்திடுமுன் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

முதியோர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. எங்கள் கிளைக்கு நெடுங்காலமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்து தனியாக வாழ்பவர். ஒரு நாள் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடிக்க வேண்டுமென்று வந்தார். வீட்டுக்கு வந்து செயல்விளக்கம் தந்த ஒரு தூசு உறிஞ்சியின் விலை 62,000 ரூபாயாம். பணம் அவருடையது, முடிவும் அவருடையது. எனவே தடுக்கவில்லை. முன்கூட்டி முடித்தால் வட்டி எவ்வளவு குறையும் என்றும், அவசரமெனில் வைப்பின் மீதே கடன் பெறலாம் என்றும் எடுத்துரைத்து, “மாஸ்டர்ஜி, ஒரு வாரம் கழித்து வாருங்கள்; அப்போதும் வேண்டுமென்றால் உடனே முடித்துத் தருகிறோம்” என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “அந்தப் பையன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை” என்றார்.

ஒரு வாரம் கழித்து வந்து, கடையில் 7,000 ரூபாய்க்குச் சிறிய கருவி ஒன்றை வாங்கிவிட்டதாகக் கூறினார். வைப்பு அப்படியே இருக்கிறது. அவர் இசைவுடன்தான் இதை எழுதுகிறோம். நாகபுரியில் எங்கள் வெட்கம் விலைபோயிற்று. இங்கு ஒரு முதியவரின் தனிமை விலைபோகவிருந்தது. உங்கள் வீட்டு முதியோர் எதையேனும் வாசலில் வாங்கிவிட்டால் கடிந்துகொள்ளுமுன், அவர்களோடு கடைசியாக எப்போது இரண்டு மணி நேரம் பேசினோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரடி விற்பனை செய்வோர் அடையாள அட்டையும் முன் இசைவும் இன்றி வீட்டுக்கு வரலாகாது என 2021-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் கூறுகின்றன. குறை இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

விடுபட்ட பதிவு

தன்தேரஸ் நாளன்று எங்கள் கருவி வீடு வந்து சேர்ந்தது. அன்று தொலைக்காட்சியைத் தொடவில்லை. இரவு பத்தரை மணி வரை மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டிய பிறகே நிறுத்தினோம்.

மறுநாள் காலை, வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தார். வங்காளத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். அவரும் எங்கள் இல்லத்தரசியாரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். ஒருவரையொருவர் ‘தீதி’, அதாவது அக்கா என்றே அழைத்துக்கொள்வர். கூடத்தில் நின்ற கருவியைக் கண்டதும் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார்.

“தீதி, அடுத்த மாதத்திலிருந்து நான் வர வேண்டாமா?”

நாங்கள் திகைத்துப்போனோம். வாட், வடிகட்டி, வட்டி, யூனிட் என எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தோம். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் என்பது வணிகவியல் மாணவனின் முதற்பாடம். எங்கள் வீட்டை ஆண்டுக்கணக்கில் குனிந்து பெருக்கியவரின் பெயரை எந்தப் பக்கத்திலும் எழுதாமல் கணக்கை முடித்திருந்தோம். எங்கள் இடுப்பைப் பற்றிப் பேசியபோதெல்லாம், அதே வயதில் நான்கு வீடுகளில் குந்தி அமர்ந்து தரை துடைக்கும் முழங்கால்கள் நினைவுக்கு வரவில்லை.

சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாது என்றும், கருவி அவருக்கும் சேர்த்தே என்றும் இல்லத்தரசியார் உறுதி கூறினார். நின்றபடி துடைக்கும் கம்பு வைத்த துடைப்பான் ஒன்றையும் வாங்கினோம். முதல் வாரம் அவர் கருவியைத் தொடவில்லை. மின்சாரம் தாக்குமோ என்று அஞ்சினார். இரண்டாம் வாரம், இடுக்குகளுக்கான ஒடுங்கிய முனையைப் பொருத்தி, சோபாவின் ஓரத்திலிருந்து ஒரு தோட்டையும் மூன்று நாணயங்களையும் மீட்டார். அதன்பின் கருவி அவர் வசமாயிற்று. “சாஹப் வடத்தைச் சரியாகச் சுற்றுவதில்லை” என்று எங்கள்மேல் இப்போது புகாரும் உண்டு. தரை பெருக்க மட்டும் துடைப்பத்தையே விரும்புகிறார். ‘மிஷின் இருக்கட்டும், லட்சுமிக்கு ஜாடு வேண்டும்’ என்பது அவர் வாதம்.

ஒரு நாள் கருவியின் விலையைக் கேட்டார். சொன்னோம். எங்கள் வீட்டில் அவர் நான்கு மாதம் உழைத்துப் பெறும் தொகைக்குச் சற்றே குறைவு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அதற்கு என்ன சொல்வதென்று அறியாதிருந்தோம்.

அடுத்த மாதம் அவர் எங்கள் கிளைக்கு வந்தார். அவருடைய ஜன் தன் கணக்கு அங்குதான் உள்ளது. மாதம் 500 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு ஒரு தொடர் வைப்பு தொடங்க வேண்டும் என்றார். தை மாதக் குளிரில் துணி துவைத்துக் கை வெடிப்பதாகவும், ஒரு சிறிய சலவை இயந்திரம் வாங்கப்போவதாகவும் கூறினார். எந்த நிறம், எத்தனை கிலோ, எந்த மூலையில் வைப்பது என்பதையெல்லாம் முன்பே முடிவு செய்திருந்தார். அவற்றைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்தது, உணவு இடைவேளையில் எங்கள் ஐவர் முகத்திலும் இருந்த அதே மலர்ச்சி.

சென்ற வாரம் ஒன்பதாம் தவணை செலுத்த வந்தபோது, கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்து கொடுத்தவர் எங்கள் பயிற்சி அலுவலர்.

“இன்னும் எத்தனை, பேட்டா?” என்று கேட்டார் அவர்.

“பதினைந்து, தீதி” என்றார் இளைஞர். பிறகு, எத்தனை கிலோ கொள்ளளவு உள்ளதை வாங்கப்போகிறார் என்று தாமாகவே விசாரித்தார்.